அக்காவுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை: இந்த நிம்மதியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சென்னையில் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரியும் 35 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி, அதன் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

இவருடைய தாயார் 15 ஆண்டுகளுக்கு முன்பு, 49 வயதில், மார்பகப் புற்றுநோயால் காலமானார். தாய்வழித் தாத்தா புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர். அக்காவுக்கு 39 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து, 41 வயதாகும் அவர் இப்போது தினமும் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். மருத்துவரின் யோசனைப்படி அவருக்கு மரபணுப் பரிசோதனை செய்ததில், ‘பிஆர்சிஏ-2’ என்ற மரபணுவில் நோய்க்குக் காரணமாகும் மாற்றம் இருப்பது தெரியவந்தது. அதே மாற்றம் தங்கையான வாசகிக்கும் இருக்கிறதா என்று பார்த்தபோது, ‘இல்லை’ என்று வந்தது.

“ரிப்போர்ட்டை அக்காவிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தாள். ‘நீ தப்பிச்சுட்ட’ என்று சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்த பாலை இறக்கப் போய்விட்டாள். அதன் பிறகு இரண்டு மாதமாக அவள் என்னுடன் சரியாகப் பேசுவதில்லை. நான் அச்சு அசல் அம்மா ஜாடை. அக்கா அப்பா ஜாடை. அவளுக்கு இருந்து எனக்கு இல்லாமல் போகுமா, ரத்தம் மாறிப் போயிருக்குமோ என்று ஒவ்வொரு இரவும் மார்பில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன்” என்று எழுதுகிறார். தமக்கு வராமல் விட்டது ஒரு தலைமுறை தாண்டி தம் எட்டு வயது மகளுக்கு வந்துவிடுமோ என்ற பயமும் அவருக்கு இருக்கிறது.

இதற்கிடையே குடும்பத்தில் ஒரு கல்யாணம். 30 வயதாகும் தம்பிக்கும் தாய்மாமன் மகளுக்கும் நிச்சயதார்த்தம் முடிந்து, தை மாதத்தில் திருமணம் வைத்திருக்கிறார்கள். அக்காவின் ரிப்போர்ட் விவரம் தம்பிக்கோ மாமா வீட்டுக்கோ தெரியாது. அக்காவின் மாமியார் ஏற்கெனவே “உங்க வீட்டு ரத்தமே சரியில்லை” என்று பேசுகிறார். தன் 16 வயது மகளுக்கு நாளை மாப்பிள்ளை பார்க்க வேண்டும், விஷயம் வெளியே போகக்கூடாது என்று சொல்லி, தங்கையின் மகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார் அக்கா. சொந்தத்தில் நடக்கும் இந்தக் கல்யாணத்தால் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஆபத்து, இது நடக்கக்கூடாது என்று முடிவு செய்திருக்கும் வாசகி, சத்தியத்தை மீறவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல், மாமாவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதிப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நல்ல செய்தி வந்த பிறகும் நீங்கள் தூங்காமல் இருப்பது உங்கள் கணவருக்குப் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். “உனக்குத்தான் இல்லையே, விட்டுத் தள்ளு” என்று அவர் சொல்வது அக்கறையில்தான். ஆனால் புற்றுநோய் வந்த குடும்பங்களுக்கு ஆலோசனை வழங்கும் பணியில் நான் அடிக்கடி பார்ப்பது, ‘இருக்கிறது’ என்று ரிப்போர்ட் வந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். ‘இல்லை’ என்று வந்தவர்தான் என் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் அழுகிறார். உடன்பிறந்தவளுக்கு விழுந்த அடி தன்மேல் விழாததை அவரால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. உங்களுக்கு நேர்ந்திருப்பதும் அதுதான். இது மனக்கோளாறும் இல்லை, நன்றி கெட்டதனமும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். உங்கள் கடிதத்தின் முதல் பாதியில் உங்களுக்கு நோய் இருந்தே தீரும் என்று நிரூபிக்கப் பார்க்கிறீர்கள். இரண்டாம் பாதியில் தம்பியையும் மாமா மகளையும் பிறக்காத குழந்தையையும் தனி ஆளாகக் காப்பாற்றக் கிளம்புகிறீர்கள். கிடைத்த நிம்மதிக்கு எப்படியாவது விலை கொடுத்துவிட வேண்டும் என்ற துடிப்பு இரண்டிலும் இருக்கிறது. அப்படி ஒரு கடனே உங்களுக்குக் கிடையாது. இதை இப்போதே ஏற்றுக்கொள்வது உங்களுக்குக் கடினம் என்பதால், மருத்துவ விஷயங்களிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் குற்ற உணர்வில் ஒரு பகுதி தவறான தகவல்களின் மேல் நிற்கிறது.

உங்கள் ரிப்போர்ட் உண்மையில் சொல்வது

பிஆர்சிஏ-2 மரபணு 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஆண், பெண் எல்லோருக்கும் அதில் இரண்டு பிரதிகள் உண்டு. தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. உங்கள் அம்மாவுக்கு ஒரு பிரதி பழுதுபட்டதாகவும் மற்றொன்று நல்லதாகவும் இருந்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஏதோ ஒன்றுதான் போகும். அக்காவுக்குப் பழுதுபட்டதும் உங்களுக்கு நல்லதும் வந்திருக்கின்றன. முகஜாடையைத் தீர்மானிப்பவை வேறு பல மரபணுக்கள். மூக்கும் கண்ணும் யாரைப்போல் இருக்கின்றன என்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அக்காவுக்கு வந்ததால்தான் உங்களுக்கு வரவில்லை என்பதும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்குப் புதிதாகவே தொடங்குகிறது; நீங்கள் எதையும் அக்காவின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

ரத்தம் மாறிப் போயிருக்குமோ என்ற சந்தேகத்தை ஒரே முறை தீர்த்துக்கொள்ளலாம். அக்காவின் ரிப்போர்ட்டில் அந்த மாற்றத்துக்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் தேடப்பட்டதும் அதே குறியீடுதானா என்பதை ஒரு மரபணு ஆலோசகரிடம் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துச் சரிபாருங்கள். அதுவேதான் என்றால் விஷயம் முடிந்தது. குடும்பத்தில் யாருக்கும் மாற்றம் கண்டுபிடிக்கப்படாத நிலையில் வரும் ‘இல்லை’ வேறு. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடி, கிடைக்காமல் வரும் ‘இல்லை’ வேறு. உங்களுடையது இரண்டாவது வகை, நம்பத் தகுந்தது.

அப்படியானால் உங்கள் ஆபத்து, இந்தக் குடும்ப வரலாறு இல்லாத மற்றப் பெண்களுக்கு உள்ள அளவுக்கு ஏறத்தாழ இறங்கிவிடுகிறது. அந்த அளவு பூஜ்யம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய்களில் 100-க்கு 5 முதல் 10 வரைதான் இப்படிப் பரம்பரையாக வருபவை. மீதி எந்தக் குடும்பத்திலும் வரக்கூடியவை. ஆகவே உங்கள் வயதுப் பெண்களுக்கு மருத்துவர் சொல்லும் வழக்கமான பரிசோதனைகள் உங்களுக்கும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன், எம்ஆர்ஐ எல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. அப்பா வழியில் யாருக்காவது புற்றுநோய் இருந்திருந்தால் அதை மட்டும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இரவுதோறும் தடவிப் பார்ப்பதை நிறுத்துங்கள். மார்பகத்தின் தன்மை மாதவிடாய்ச் சுற்றுக்கேற்ப மாறும். தினமும் தேடினால் தினமும் ஏதாவது தட்டுப்படத்தான் செய்யும், பயம் வளரும். மாதத்தில் ஒரு நாள், மாதவிடாய் முடிந்த சில நாட்களில், கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்வது போதும்.

உங்கள் மகளைப் பற்றிய கேள்விக்குப் பதில் சுருக்கமானது. உங்களிடம் இல்லாத மாற்றத்தை உங்களால் அவளுக்குக் கொடுக்க முடியாது. இது தலைமுறை தாண்டிக் குதிக்கும் விஷயம் இல்லை. ஒரு தலைமுறையில் மாற்றத்தைச் சுமப்பவர் நோய் வராமலே வாழ்ந்துவிடும்போது, அது தாண்டிப் போனதுபோல நமக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான். உங்கள் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை இப்போதும் வேண்டாம், பிறகும் வேண்டாம்.

அக்காவின் மௌனம்

“நீ தப்பிச்சுட்ட” என்ற சொல்லைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பொறாமையும் அதில் கொஞ்சம் இருக்கலாம், இருந்தால் என்ன? 39 வயதில் ஒரு மார்பையும் தலைமுடியையும் இழந்து, இனி வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்ட ஒருத்திக்கு, தங்கையைப் பார்த்து ஒரு கணம் வயிறு எரிந்தால் அது அன்பில்லாததன் அடையாளம் ஆகாது. அதே சொல்லுக்குள் ஆறுதலும் இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் அவர் அங்கே நிற்க முடியாமல் அடுப்படிக்குப் போயிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய உடம்பையும் நினைத்துப் பாருங்கள். ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளால் திடீர் வியர்வை, உடல் எரிச்சல், தூக்கமின்மை, எரிந்துவிழும் மனநிலை எல்லாம் வரலாம். இரண்டு மாதமாகச் சரியாகப் பேசாததில் உங்கள் ரிப்போர்ட்டின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அக்காவுக்கு இந்த வயதில் ஒரு பெரிய முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. மேலை நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளின்படி, பிஆர்சிஏ-2 மாற்றம் உள்ள பெண்களில் 100-க்கு 60 முதல் 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். சினைப்பைப் புற்றுநோய் 100-க்கு 15 முதல் 20 பேருக்கு வரக்கூடும். சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க நம்பகமான பரிசோதனை இன்றுவரை இல்லை. அதனால்தான் இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு, பிள்ளைப்பேறு முடிந்த பிறகு, 40 முதல் 45 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிவிடுவதைப் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். அக்காவுக்கு வயது 41. மற்றொரு மார்பை என்ன செய்வது, எம்ஆர்ஐ கண்காணிப்பில் இருப்பதா, அகற்றுவதா என்ற கேள்வியும் அவர்முன் இருக்கும். மாமியாரின் பேச்சைக் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு, இதையெல்லாம் அவர் தனியாக யோசித்துக்கொண்டிருக்கிறார் என்றால், உங்களிடம் பேச அவருக்கு வார்த்தை இல்லாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

ஆகவே முதல் பேச்சில் கல்யாணத்தையோ தம்பியையோ எடுக்காதீர்கள். அம்மாவின் திதியன்று, சொந்தபந்தம் கூடியிருக்கும் வீட்டில் ஒரு மூலைக்கு இழுத்துப்போய்ப் பேசவும் வேண்டாம். அவருடைய அடுத்த செக்கப்புக்குத் துணைக்குப் போங்கள். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில், எதிரெதிரே பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, வீட்டில் பேச முடியாததைப் பேச முடிகிறது. “அக்கா, அந்த ரிப்போர்ட் வந்ததிலிருந்து உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமா இருக்கு. எனக்கு இல்லைங்கறதுல சந்தோஷப்படவும் முடியலை. உனக்கு என்ன தோணுது, சொல்லு” என்று கேட்டால் போதும். அவர் கோபமாகப் பேசினால் பதில் சொல்ல வேண்டாம். “எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லாதீர்கள். “எனக்கு வந்திருக்கலாமே” என்றும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால், நோயில் இருப்பவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

அவருடைய மாமியார் சொல்வதற்கு ஒரே பதில்தான். இது யாருடைய ரத்தத்தின் குற்றமும் இல்லை. தெரியாத ஏதோ ஒரு மரபணு மாற்றத்தைச் சுமக்காத மனிதரே உலகில் கிடையாது. இதை அக்காவின் கணவர் தம் தாயாரிடம் சொல்வதுதான் பொருத்தம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கணவரையும் உள்ளே அழைத்துச் செல்லுமாறு அக்காவிடம் சொல்லுங்கள்.

தம்பி, மாமா மகள், தை மாதக் கல்யாணம்

உங்கள் வீட்டில் எல்லோரும் இதைப் ‘பொம்பளைங்க வியாதி’ என்று நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது: தாத்தாவின் புராஸ்டேட் புற்றுநோய். பிஆர்சிஏ-2 மாற்றம் உள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. கணையப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் ஓரளவு கூடுகிறது. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரலாம், இந்த மாற்றம் உள்ள ஆண்களில் 100-க்கு ஏறத்தாழ 7 பேருக்கு. அந்த மாற்றம் தாத்தாவிடமிருந்து அம்மாவுக்கு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

குடும்ப மரம் வரையும்போது ஆண்களைச் சதுரமாகவும் பெண்களை வட்டமாகவும் போட்டு, இறந்தவர்கள்மீது ஒரு சாய்கோடு இழுப்போம். நம் ஊர்க் குடும்பங்களில் அந்தச் சாய்கோடுகளுக்குக் காரணம் கேட்டால், “வயித்துல கட்டி”, “ஏதோ பொம்பளை சமாசாரம்”, “திடீர்னு இளைச்சுப் போயிட்டாரு” என்றுதான் பதில் வரும். மூன்று நான்கு பேரை இப்படிக் கேட்ட பிறகு, அருகில் இருக்கும் வயதான ஒருவர் தாழ்ந்த குரலில் “அது கேன்சர்தான், சொல்லாம மறைச்சுட்டாங்க” என்பார். அப்படி மறைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் கட்டிக்கொடுக்கப் பெண் இருந்தது, அதனால் மறைத்தார்கள். உங்கள் அக்கா இன்று செய்வதும் அதையேதான். அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வரன் பார்க்கும் இடங்களில் இது பேச்சாகும் என்று அவர் நினைப்பதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனாலும் தம்பியின் நிலைமை வேறு. அவருக்கு அந்த மாற்றம் இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. உங்கள் மாமாவுக்கும் இரண்டில் ஒன்று. அவர் மகளுக்கு நான்கில் ஒன்று. தம்பி, மாமா மகள் இருவருக்கும் இருந்தால், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமிருந்தும் பழுதுபட்ட பிரதியே வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படி வந்தால் ‘ஃபேன்கோனி அனீமியா’ என்ற கடுமையான நோய் வரும். எலும்பு மஜ்ஜை செயலிழப்பதும், மிகச் சிறு வயதிலேயே ரத்தப் புற்றுநோயோ மூளைக் கட்டியோ வருவதும் இதில் உண்டு. சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் வழக்கத்தில் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

இப்போது கணக்கை முழுதாகப் பார்ப்போம். யாருமே பரிசோதனை செய்யாத இன்றைய நிலையில், தம்பிக்கும் மாமா மகளுக்கும் பிறக்கும் ஒரு குழந்தைக்கு அந்த நோய் வர 32-இல் ஒரு பங்கு வாய்ப்பு. இருவரும் பரிசோதித்துக்கொண்டு, ஒருவருக்காவது ‘இல்லை’ என்று வந்துவிட்டால், அந்த வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். இருவருக்கும் இருப்பதாகவே வந்தாலும், கருவைச் சோதித்துப் பார்க்கும் வழிகளைப் பற்றி மரபணு மருத்துவரிடம் பேச முடியும். ஆகவே ‘இந்தக் கல்யாணம் நடக்கக்கூடாது’ என்று நீங்கள் எடுத்திருக்கும் முடிவு அவசரமானது. கல்யாணத்தை நடத்துவதா, தள்ளிவைப்பதா என்பது அந்த இரண்டு பேரின் முடிவு. அவர்கள் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்பதோடு உங்கள் கடமை நின்றுவிடுகிறது.

மொட்டைக் கடிதம் மட்டும் வேண்டவே வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்கு மொட்டைக் கடிதம் வந்தால், அதில் உள்ள மருத்துவத் தகவலை யாரும் படிக்க மாட்டார்கள். யார் எழுதியது, யாருக்கு வயிற்றெரிச்சல் என்றுதான் தேடுவார்கள். கடைசியில் பழி உங்கள் அக்காவின்மேல் விழும், அல்லது இதில் சம்பந்தமே இல்லாத ஒருவர்மேல் விழும். மாமா குடும்பத்துக்குத் தேவையான பரிசோதனையும் நடக்காது.

என் யோசனை இது. முதலில், நீங்கள் செய்த சத்தியத்திலிருந்து விடுவிக்குமாறு அக்காவிடமே கேளுங்கள். ‘சத்தியத்தால் ஒன்றும் ஆகாது, மீறுங்கள்’ என்று நான் எழுதலாம். ஆனால் நாளை உங்கள் மகளுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் நீங்கள் படும் பாட்டை என்னால் இப்போதே ஊகிக்க முடிகிறது. வாங்கியவரே திருப்பித் தருவதுதான் நல்லது. “ஊருக்குச் சொல்ல வேண்டாம். தம்பிக்கு மட்டும் சொல்லுவோம். அவன் உயிர் சம்பந்தப்பட்டது” என்று கேளுங்கள். அக்கா பயப்படுவது ஊருக்கு, தம்பிக்கு இல்லை. பலரும் இந்த இடத்தில் இளகிவிடுகிறார்கள். தம்பியிடம் அக்காவே சொன்னால் மிக நல்லது. முடியாவிட்டால் நீங்கள் மூவரும் சேர்ந்து ஒரு மரபணு ஆலோசகரைப் பார்க்கலாம். உறவினர்களிடம் கொடுப்பதற்கென்றே, நோயாளியின் சிகிச்சை விவரங்கள் எதுவும் இல்லாமல், மரபணு மாற்றத்தின் குறியீட்டையும் யார் யார் பரிசோதித்துக்கொள்ளலாம் என்பதையும் மட்டும் எழுதி ஒரு கடிதம் கேட்டு வாங்கலாம். மாமாவிடமும் வருங்கால மனைவியிடமும் அதைக் கொண்டுபோய்ப் பேச வேண்டியவர் தம்பி. பெண் வீட்டில் அவர் நேராகச் சொல்வதற்கும் நீங்கள் பின்வாசல் வழியாகச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அக்கா பிடிவாதமாக மறுத்துவிட்டால்? அவருடைய ரிப்போர்ட் அவருடைய அந்தரங்கம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் அவர் சம்மதமில்லாமல் உங்கள் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட முடியாது. நீங்கள் அவரை வற்புறுத்தவும் கூடாது. ஆனால் அம்மா 49 வயதில் எதனால் இறந்தார், தாத்தாவுக்கு என்ன வந்தது, அக்காவுக்கு 39 வயதில் என்ன நோய் என்பதெல்லாம் தம்பிக்கும் மாமாவுக்கும் தெரிந்த விஷயங்கள். “இத்தனை பேருக்கு வந்திருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு மரபணு ஆலோசகரைப் போய்ப் பாருடா” என்று தம்பியிடம் சொல்வதற்கு யாருடைய ரிப்போர்ட்டும் தேவையில்லை. அதைக்கூட அக்காவுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். “உன் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேச மாட்டேன், ஆனால் இதைச் சொல்லத்தான் போகிறேன்” என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்வார். இந்தக் கோபத்தைத் தாங்குவது, அவர் முதுகுக்குப் பின்னால் நடந்தது வெளிப்படும் நாளைத் தாங்குவதைவிட எளிது. குறியீடு தெரியாமல் பரிசோதித்தால் முழு மரபணுவையும் படிக்க வேண்டியிருக்கும், செலவும் கூடும். தெரிந்தால் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். இதை அக்காவிடம் எடுத்துச் சொன்னால் அவர் மனம் மாறவும் கூடும்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எனக்குத் தெரிஞ்சுக்க வேண்டாம்” என்று சொல்லலாம். அது அவர் உரிமை. தெரிந்துகொண்டால் 40 வயதிலிருந்து புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளலாம் என்பதை மட்டும் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சு நடப்பதால், வருங்கால மனைவியிடம் அவர் மறைக்கக்கூடாது என்பது என் கருத்து. அதற்கு மேல் அவரை நெருக்காதீர்கள். அவர் பரிசோதனை செய்துகொள்ளாவிட்டால் அதை உங்கள் தோல்வி என்று நினைக்கவும் வேண்டாம்.

அக்காவின் பிள்ளைகள்

16 வயது மகளுக்கும் 12 வயது மகனுக்கும் இப்போது பரிசோதனை வேண்டாம். பெரியவர்களான பிறகே வரக்கூடிய நோய்க்காகக் குழந்தைகளைப் பரிசோதிப்பதில்லை; 18 வயதுக்குப் பிறகு அவர்களே முடிவு செய்ய வேண்டும். மாற்றம் இருந்தாலும் மார்பகக் கண்காணிப்பு பொதுவாக 25 வயதில்தான் தொடங்கும் என்பதால், காத்திருப்பதால் இழப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஏதோ நடக்கிறது என்பது நிச்சயம் தெரிந்திருக்கும். அம்மாவின் மருந்துச் சீட்டில் உள்ள பெயர்களை அவள் போனில் தேடிப் பார்த்திருப்பாள். நீங்கள் சித்தி என்ற முறையில் எதையும் உடைத்துச் சொல்ல வேண்டாம். அவள் கேட்டால் பொய் மட்டும் சொல்லாதீர்கள். “அம்மாகிட்ட சேர்ந்து கேட்போம்” என்று சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸ்

பரிசோதனை செய்தால் தம்பிக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்காதோ என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் 2008-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றினார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஆனால் மரபணு நோய்களைக் காப்பீட்டிலிருந்து விலக்கும் நிபந்தனைகளைப் பாலிசிகளில் சேர்க்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. தம்பி இதுவரை பாலிசி எடுக்கவில்லை என்றால், பரிசோதனைக்கு முன்பே எடுத்துவிடுவது விவேகம். விண்ணப்பத்தில் குடும்ப வரலாறு கேட்கப்பட்டிருந்தால் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். மறைத்தால் பின்னால் கிளெய்ம் மறுக்கப்பட அதுவே காரணமாகும்.

உங்களுக்கு

தூக்கமின்மை, தடவிப் பார்க்கும் பழக்கம், வகுப்பில் பாடம் நடத்தும்போது பாதியில் நின்றுவிடுவது என்று நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு மாதமாகத் தொடர்கின்றன. இதற்கு மேல் தனியாகச் சமாளிக்க வேண்டாம். ஒரு மனநல ஆலோசகரைச் சில முறை பார்த்தாலே நல்ல மாற்றம் தெரியும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். கணவரிடம், “விட்டுத் தள்ளுன்னு சொல்லாதீங்க, பத்து நிமிஷம் கேளுங்க” என்று நேராகவே கேளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் செய்யக்கூடியவராகத்தான் உங்கள் கடிதத்தில் அவர் தெரிகிறார்.

பரம்பரைப் புற்றுநோய்க்கான ஆலோசனை சென்னையிலேயே கிடைக்கிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் உருவான அடையாறு புற்றுநோய் நிலையம் இத்துறையில் நீண்ட காலமாகப் பணியாற்றி வருகிறது. வேலூர் சிஎம்சியிலும் மரபணு மருத்துவப் பிரிவு உண்டு. போகும்போது உங்கள் ரிப்போர்ட், அக்கா சம்மதித்தால் அவருடைய ரிப்போர்ட்டின் நகல், அம்மாவின் பழைய ஆஸ்பத்திரி ஃபைல், கிடைத்தால் தாத்தாவின் பயாப்சி முடிவு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அம்மாவின் ஃபைல் மாமா வீட்டுப் பீரோவில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைத் தம்பியே போய்க் கேட்டு வாங்கட்டும்.